அம்மாவுக்கு ஒரு ஹீட்டர்

மதுரை வெயிலுக்கு வெந்நீர் ஷவரா என்று சிரிக்காதீர்கள். மார்கழியில் விடிகாலை நாலரைக்குத் தலைக்கு ஊற்றிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பும் எங்கள் அம்மாவைக் கேளுங்கள், தெரியும். வில்லாபுரம் வீட்டில் நேற்றுதான் புது ஷவரும் 3 லிட்டர் இன்ஸ்டன்ட் ஹீட்டரும் மாட்டினோம்.

வந்த எலக்ட்ரீசியன் அண்ணன் ஹீட்டரைத் தொடவே இல்லை. முதலில் பாத்ரூம் பிளக்கைக் கழற்றினார். "தம்பி, இது 6 ஆம்பியர். உங்க ஹீட்டர் 3000 வாட்ஸ், 13 ஆம்பியர் இழுக்கும். இதுல மாட்டுனா பிளக்கு உருகிப்போகும்."

அது போகட்டும். உள்ளே, ஷாக் அடிக்காமல் காக்க வேண்டிய பச்சை எர்த் வயர் எதிலும் சேராமல், சும்மா சுருட்டிச் செருகியிருந்தது. இத்தனை வருஷமும் எர்த் இல்லாமலே புழங்கியிருக்கிறோம்! வயரிங் செய்த மகராசனை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

அப்புறம் என்ன, மெயின் போர்டிலிருந்து 4 ஸ்கொயர் எம்எம்மில் தனி வயர், கரண்ட் அளவு மீறினால் தானே அணைந்துவிடும் தனி எம்சிபி சுவிட்ச், 16 ஆம்பியர் பிளக், ஒழுங்கான எர்த். செலவு ஹீட்டர் விலையைத் தொட்டுவிட்டது. போர் தண்ணீர் என்பதால் காயிலில் உப்பு படியும், அவ்வப்போது கழற்றிச் சுத்தம் செய்யச் சொல்லிவிட்டுப் போனார்.

இன்று காலை அம்மா குளித்துவிட்டு வந்தார். ஷவர் எப்படி என்று ஆசையாகக் கேட்டேன்.

"அதை யாருடா திறந்தா? வாளியில பிடிச்சுத்தான் குளிச்சேன்."