ஆர்டர் வரும்வரை

மே 5

எந்த ஊரில் வேலை என்று சொல்லும் ஆர்டர் வரவில்லை. மஞ்சக்குப்பத்தில் சைக்கிள் கடை ஏறி இறங்கினேன். “யாருக்கு மேடம், பாப்பாவுக்கா?” என்றார் கடைக்காரர். எனக்குத்தான் என்றதும் கூடை வைத்த லேடீஸ் சைக்கிளை இழுத்து வெளியே நிறுத்தினார். தினமும் வேலைக்குப் போகணும், எப்பவாவது டென்ட் கட்டிக்கொண்டு பண்ருட்டிப் பக்கம் சித்தப்பா தோப்புக்கும் போகணும் என்றேன். உடனே 21 கியர், முன்னால் ஷாக் அப்சார்பர், பின்னால் ஷாக், டிஸ்க் பிரேக். இதற்கும் அதற்கும் நடுவில் எதுவும் கிடையாதா?

“கூடையோட ஷாக் வராது மேடம்.”

மே 6

21 கியரை வைத்துக்கொண்டு கடலூரில் என்ன செய்வது? இங்கே மேடு என்றால் பெண்ணையாற்றுப் பாலம், கெடிலம் பாலம், விட்டால் கேப்பர் மலை. முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஏழு, பெருக்கினால் 21. அவ்வளவுதான் அந்த எண்ணின் மகிமை. முன்னால் 48 பல், பின்னால் 24 போட்டாலும் சரி, 28-க்கு 14 போட்டாலும் சரி, ஒரு மிதிச்சுற்றுக்குப் பின்சக்கரம் இரண்டு சுற்றுதான். இப்படி ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொள்ளும் கியர் பல. எனக்குப் பின்னால் ஏழு இருந்தால் போதும். சுமையோடு தோப்பு மேட்டில் ஏற ஒரு சின்ன கியர் வேண்டும், அது மட்டும்தான் நிபந்தனை.

மே 9

அம்மா இரவு முழுக்கத் தூங்கவில்லை.

மே 10

கேரியர். இரண்டு நாளாக வேறு எதுவும் மண்டையில் ஓடவில்லை.

பின் அச்சுக்கு மேலே ஃபிரேமில் போல்ட் போட மரை வைத்த சின்ன ஓட்டை இருக்க வேண்டும், சீட்டுக்குக் கீழேயும் இரண்டு. பார்த்த புது மாடல்களில் பாதியில் அது இல்லை. சீட் கம்பியில் கிளாம்ப் போட்டு ஒரு கேரியர் தருகிறேன் என்கிறார்கள். டென்ட், பாய், ஸ்டவ், மாற்றுத் துணி. தண்ணீர் மட்டுமே நாலு லிட்டர், அதாவது நாலு கிலோ. இதெல்லாம் ஒற்றைக் கிளாம்பில் தொங்கிக்கொண்டு நெல்லிக்குப்பம் ரோட்டில் வருமாம்.

ஓட்டை இருந்தாலும் போதாது. பக்கவாட்டில் பை தொங்கவிட்டால் மிதிக்கும்போது குதிகால் பையில் இடிக்கக்கூடாது. காலையில் பால்காரர் வந்தபோது அவர் சைக்கிளை நிறுத்திப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இரண்டு பக்கமும் கேன், ஆனாலும் காலில் படவில்லை. பின்சக்கரம் பெடலிலிருந்து அவ்வளவு தள்ளி இருக்கிறது. “என்னம்மா, டயர்ல காத்து இல்லியா?” என்று கேட்டார்.

இன்னொன்றையும் கவனித்தேன். கேன் கட்டிய பிறகு பின்னால் காலைத் தூக்கிப் போட்டு ஏற முடியாது. அவர் சீட்டுக்கு முன்னால் ஓடும் ஃபிரேம் பாருக்கு மேலே முன்பக்கமாகக் காலை மடக்கி எடுத்துத்தான் ஏறுகிறார். டென்ட் கட்டினால் எனக்கும் அதே கதிதான். பார் தாழ்ந்திருந்தால் வசதி. லேடீஸ் சைக்கிளைக் காட்டிய கடைக்காரர் பக்கமும் பாதி நியாயம் இருக்கிறது. கூடைதான் வேண்டாம்.

மே 12

அக்னி நட்சத்திரம். ஃபேன் காற்றே சுடுகிறது. ஆர்டர் இந்த வாரம் வந்துவிடுமாம். போன வாரமும் இந்த வாரம்தான்.

மே 17

ஆர்டரில் பாகூர் என்று போட்டால் போய்வர முடியுமா என்று பார்க்கத் தம்பியின் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். விடியற்காலையில் பாலம் தாண்டி ரெட்டிச்சாவடி வழியாகப் போனது சுகமாக இருந்தது. ஏரிக்கரையில் உட்கார்ந்து டீ குடித்தேன். வேலை முடிந்து வருகிற நேரத்துக்கே திரும்ப வேண்டும் என்று சாயங்காலம் வரை சித்தி வீட்டில் இருந்தேன். திரும்பும்போது தென்கிழக்கிலிருந்து கடல்காற்று நேராக மூஞ்சியில். இந்த ஊரில் மேட்டுக்குப் பதில் காற்றுதான். குனிந்து பிடிக்க ஹேண்டில் பாரில் இன்னொரு இடம் வேண்டும், ஓரத்தில் இரண்டு கொம்பு மாட்டினாலும் போதும்.

அப்புறம் சீமைக்கருவேல முள். தம்பியுடையது விரல் தடிமன் டயர். பங்க்சர் கடை அண்ணன் ஒட்டிக் கொடுத்துவிட்டுப் பம்பை எடுத்தார், வால்வில் பொருந்தவில்லை. அது ஊசி வால்வு. “இதுக்கு ஒரு பித்தளை மூடி இருக்கும், அது இல்லாம நான் என்னக்கா பண்றது?” தம்பிக்குப் போன் செய்தால், அது வீட்டு மேசை டிராயரில் இருக்கிறதாம்.

ஆக, 35 மில்லிமீட்டருக்குக் குறையாத டயர், மோட்டார் சைக்கிளில் இருக்கிற மாதிரி தடித்த வால்வு. டயரின் பக்கவாட்டில் 37-622 என்பது போல எழுதியிருக்கும், அந்த 622-ஐத்தான் பார்க்க வேண்டும், டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் அது, மில்லிமீட்டரில். 700சி என்பதும் 29 இஞ்ச் என்பதும் அதே ரிம் அளவு. நம்ம ஊர் பெரிய சைக்கிளின் 28 இஞ்ச் 635. 13 மில்லிமீட்டர் வித்தியாசம், அந்த டயர் 622 ரிம்மில் உட்காராது.

மே 18

விருத்தாசலம் என்று ஒரு பேச்சு. அப்படியானால் சைக்கிளாவது ஒன்றாவது, ரயில் பாஸ்தான்.

மே 19

அம்மா இன்று இரண்டு இட்லி சாப்பிட்டாள்.

மே 20

குயிலாப்பாளையத்தில் பழைய சைக்கிள் ஒன்று இருப்பதாகத் தம்பி சொன்னான். பஸ்ஸில் பாண்டி போய், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. சாம்பல் நிறம், இரும்பு ஃபிரேம், பார் சாய்வாகத் தாழ்கிறது. முன்சக்கரத்தைப் பிடிக்கும் ஃபோர்க்கில் ஷாக் இல்லை. அதிலும் ஓட்டை இருக்கிறது, முன்னாலும் பை மாட்டலாம்! ஃபோர்க்குக்கும் டயருக்கும் நடுவே என் சுண்டுவிரல் தாராளமாகப் போகிறது, மட்கார்டு போட்டாலும் உரசாது. ரிம்மை ரப்பர் கட்டையால் பிடிக்கும் வி பிரேக், கட்டை தேய்ந்தால் எந்தக் கடையிலும் மாற்றலாம். டிஸ்க் இல்லையே என்று தம்பிக்குத்தான் வருத்தம்.

குறை இல்லாமல் இல்லை. பின்சக்கரத்தில் கோட்டம் எடுக்க வேண்டும். ஃப்ரீவீல், அதாவது பின்னால் இருக்கும் பல்சக்கரத் தொகுப்பு, அதன் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூராகிவிட்டன, செயினோடு சேர்த்துத்தான் மாற்ற வேண்டும். பெயின்ட் உரிந்த இடத்தில் துரு. தேவனாம்பட்டினம் காற்றில் இரும்பு என்னவாகும் என்று தெரியாதவளா நான்? ஆனால் அலுமினியம் எடுத்தாலும் போல்ட்டும் செயினும் இரும்புதான், துடைத்து எண்ணெய் போடுகிற வேலை எப்படியும் இருக்கிறது. சீட் கம்பியை உருவச் சொன்னேன். சிக்காமல் வந்தது, உள்ளே பெரிதாக அரிப்பில்லை.

விற்பவர் 14,000 சொல்கிறார். ஃப்ரீவீலும் செயினும் அவரே மாற்றித் தரட்டும் என்றேன். யோசித்துச் சொல்கிறாராம்.

மே 21

ஆர்டர் வரவில்லை. வந்தாலும் வராவிட்டாலும் வாங்குவதாக இருக்கிறேன். அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

மே 22

செயின் மாற்றித் தருகிறாராம், ஃப்ரீவீல் என் செலவு. பழைய பல்லில் புதுச் செயின் வழுக்கும் என்று அவருக்குத் தெரியாதா? 13,000 என்றேன், போனை வைத்துவிட்டார். பத்து நிமிஷம் கழித்து அவரே கூப்பிட்டு, சனிக்கிழமை காலையில் வாங்க என்றார். பம்ப், 15 நம்பர் ஸ்பேனர், ஆலன் கீ எடுத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை அம்மாவோடு இருக்கச் சித்தியிடம் கேட்க வேண்டும்.