நாற்பது வயதில் ஃபிளமெங்கோ கிட்டார் கற்க செவியாவுக்குச் சென்ற அனுபவம்

சென்னையில் பல ஆண்டுகள் கிளாசிக்கல் கிட்டார் வாசித்துவந்த எனக்கு, ஸ்பெயினின் பாட்டும் ஆட்டமும் சேர்ந்த இசை மரபான ஃபிளமெங்கோவின் விரல் நுட்பங்களைக் காணொளிகள் பார்த்தே ஓரளவு பழகிக்கொள்ள முடிந்தது. ஆனால் ஸ்பெயினின் தென்பகுதியான அந்தலூசியாவில் இந்தக் கிட்டார், பாடுபவருக்கும் ஆடுபவருக்கும் பக்கத்தில் அமர்ந்து வளர்ந்த வாத்தியம். பாக்கோ தெ லூசியா போன்ற மேதைகள் அதைத் தனிக் கச்சேரி மேடைக்கு உயர்த்திய பிறகும், நான் சந்தித்த ஆசிரியர்கள் ஒரு மாணவரை எடைபோட்டது அவர் பாட்டுக்கு எப்படி வாசிக்கிறார் என்பதை வைத்துத்தான். அந்தப் பாட்டும் ஆட்டமும் அன்றாடம் நடக்கும் ஊரில் இருந்தால்தான் அதைக் கற்க முடியும் என்று முடிவுசெய்து, வேலையை விட்டுவிட்டு 2023-இல் அந்தலூசியாவின் செவியா (செவில்) நகருக்குச் சென்றேன்.

ஊரைத் தேர்வுசெய்வதற்கே நிறைய யோசித்தேன். கோர்தோபாவின் உயர்நிலை இசைக் கல்லூரியில் ஃபிளமெங்கோ கிட்டாரில் பட்டப்படிப்பே உண்டு. அதற்கு நுழைவுத் தேர்வும் நான்கு ஆண்டுகளும் வேண்டும். புலேரியாஸ் என்ற துரித ஃபிளமெங்கோ வகைக்குப் பேர்போன ஹெரேஸும், சாக்ரோமோந்தே குகை வீடுகளில் ஆட்டம் நடக்கும் கிரனாடாவும் மனதை இழுத்தன. ஆயினும் பாட்டு, ஆட்டம், கிட்டார் மூன்றையும் ஒரே கூரையின்கீழ் கற்பிக்கும் பள்ளிகளும், தெருவுக்குத் தெரு நடன வகுப்புகளும் இருந்த செவியாவே எனக்குப் பொருத்தமாகப் பட்டது.

ஆறு மாதத்துக்கு மேற்பட்ட மாணவர் விசாவுக்கு, பள்ளியின் சேர்க்கைக் கடிதம், போலீஸ் கிளியரன்ஸ் சான்றிதழ், மருத்துவச் சான்றிதழ் ஆகியவற்றுடன், ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் தேவைப்பட்டது. போலீஸ் சான்றிதழுக்கு அதை வெளிநாட்டில் செல்லுபடியாக்கும் அப்போஸ்டில் முத்திரையை வெளியுறவு அமைச்சகத்தில் பெற்று, அதன் பிறகே ஸ்பானிய மொழிபெயர்ப்புக்குக் கொடுக்க வேண்டும். இந்த வரிசையை மாற்றினால் முத்திரைக்குத் தனியாக இன்னொரு மொழிபெயர்ப்பு தேவைப்படும். தங்கும் ஒவ்வொரு மாதத்துக்கும், அரசு வருமானக் குறியீட்டின்படி அப்போது 600 யூரோ வீதம், கையில் பணம் இருப்பதைக் காட்ட வேண்டியிருந்தது. 2025 மே மாதம் புதிய குடியேற்ற விதிமுறைகள் நடைமுறைக்கு வந்துவிட்டதால், இனிச் செல்பவர்கள் தாங்கள் சேரும் பள்ளியின் படிப்பு மாணவர் அனுமதிக்குத் தகுதியானதுதானா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தூதரக வழியில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது அவசியம். போய்ச் சேர்ந்த ஒரு மாதத்துக்குள் கைரேகை கொடுத்து, வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சியில் முகவரிப் பதிவும் செய்ய வேண்டும். அதற்கு ஒப்புக்கொள்ளும் வீட்டு உரிமையாளரைத் தேடுவதே அந்த முதல் வாரங்களின் பெரும் வேலையாக இருந்தது.

வகுப்பு தொடங்கியதும் ஆசிரியர் கிட்டாரை உறையிலிருந்து எடுக்கவே விடவில்லை. மேசையைச் சுற்றி எங்களை உட்காரவைத்து, விரல் முட்டிகளால் மரத்தில் தட்டி, சோலெயா என்ற ஃபிளமெங்கோ வகையின் தாளத்தைப் போட்டார். 12 எண்ணிக்கை கொண்ட அந்தச் சுற்றில் 3, 6, 8, 10, 12 ஆகிய இடங்களில் அழுத்தம் விழும். பத்து வரை எண்ணிவிட்டு, 11, 12 என்று சொல்லாமல் மறுபடி ஒன்று, இரண்டு என்று எண்ணுவார்கள். சிறுவயதில் மிருதங்கம் கற்றவன் என்பதால் எண்ணிக்கை எனக்குச் சிரமமாக இல்லை. எங்கே முடிப்பது என்பதுதான் சிரமமாக இருந்தது. நம் கோர்வைகள் எனும் தாள முடிப்புகள், தாளத்தின் தொடக்கமான சமத்திலோ பாட்டு தொடங்கும் இடமான எடுப்பிலோ வந்து விழுந்து பழகிய காதுக்கு, சோலெயாவின் வாக்கியம் 10-இலேயே அடங்கிவிடுவதும், மீதி இரண்டு எண்ணிக்கையை மூச்சு விடுவதற்கென்று விட்டுவைப்பதும் நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தன. சுர அமைப்பு அப்படி அந்நியமாகத் தோன்றவில்லை. அதன் அடிப்படை அளவீடு நம் அனுமத்தோடி ராகத்தின் சுரங்களையே கொண்டது, காந்தாரம் உயரும் இடங்களில் வகுளாபரண ராகம் எட்டிப்பார்க்கும். ஆனால் கமகம் என்ற சுர அசைவு இல்லாத அந்தச் சுரங்களை ராகமாகக் கேட்பதை நிறுத்திய பிறகுதான் கார்டுகளின் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் சுரக்கூட்டுகளின்) போக்கு எனக்குப் பிடிபட்டது.

நான் தேடிச் சென்றது கிடைத்தது பாட்டுக்கான வகுப்பில்தான். பாடகர் ஒரு வரியை எவ்வளவு இழுப்பார் என்பது எழுதிவைக்கப்பட்டதல்ல; அவர் குரல் இறங்கும் திசையைக் கேட்டு, சி கார்டுக்குச் செல்லும் தருணத்தைக் கிட்டார்காரர் உணர வேண்டும். முந்தினால் பாட்டைத் தள்ளியதாகும், பிந்தினால் பாடகரை அந்தரத்தில் விட்டதாகும். ஆசிரியர் என்னை என் இடக்கையைப் பார்க்க விடாமல் பாடகியின் வாயை மட்டும் பார்க்கச் சொன்னார். பாடகி மூச்சை உள்ளிழுக்கும்போதே அடுத்த வரியின் உயரம் ஏறத்தாழத் தெரிந்துவிடும் என்பதை அப்படித்தான் அறிந்தேன். நடன வகுப்பில் அதே கவனம் பாதங்களுக்கு மாறியது. ஆடுபவர் காலால் ஓங்கி அடித்து ஓர் அறிவிப்புக் கொடுத்தால் பாட்டுக்கோ வேறு பகுதிக்கோ வழிவிட வேண்டும். அங்கே கிட்டாருக்கென்று அழகான வாசிப்பு எதையும் யாரும் கேட்பதில்லை. தாளம் நிலைத்து நின்றால் போதும். பல மணி நேரம் ஒரே கார்டுச் சுற்றை வாசிக்கும் அந்த வேலையை நான் மனதார நேசிக்கிறேன்.

நடுவயதில் தொடங்குபவர்கள் கைகளைப் பற்றி முன்கூட்டியே சிந்திக்க வேண்டும். கட்டைவிரல் நகத்தாலேயே மேலும் கீழும் அடித்து வாசிக்கும் அல்சாபுவாவில், வலு மணிக்கட்டின் சுழற்சியிலிருந்து வர வேண்டும். விரலை மட்டும் வைத்து வாசித்தால் முன்கை விரைவில் வலிக்கத் தொடங்கும். நகம் உடையாமலிருக்க மெல்லிய பட்டுத் துணியைப் பசையால் ஒட்டிக்கொள்வது அங்கே சாதாரணம். குளிர்காலத்தில் ஓடு பாவிய, வெப்பமூட்டி இல்லாத அறைகளில் விரல்கள் விறைத்துவிடுவதால், வெந்நீரில் கையை நனைத்த பிறகே பயிற்சியைத் தொடங்குவேன். கோடையில் வெயில் 40 பாகையைத் தாண்டி, காற்று வறண்டுவிடும். சென்னையின் ஈரத்தில் இருந்து வரும் சைப்ரஸ் மரக் கிட்டார் அப்போது வெடிக்கக்கூடும். பெட்டிக்குள் ஈரப்பதம் காக்கும் சாதனத்தை எப்போதும் வைத்திருப்பது நல்லது.

பள்ளியைத் தேர்வுசெய்ய என்னிடம் யோசனை கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: வாரத்தில் எத்தனை மணி நேரம் உயிருள்ள பாடகரோடும் ஆடுபவரோடும் வாசிக்கவைப்பார்கள் என்று கேளுங்கள். தனி வாசிப்பு மட்டுமே பாடத்திட்டத்தில் இருக்கும் பள்ளியென்றால், அதற்காக நாடு விட்டு நாடு போகத் தேவையில்லை.