கல்மிக்குகளும் அம்மை குத்தலும்: எட்டாம் நாள் கணக்கில் புரிந்த விடை

எம்.ஏ. வரலாற்றில் மருத்துவ வரலாற்றை விருப்பப் பாடமாக எடுத்தவர்களுக்காக எழுதுகிறேன். ரஷ்யப் பேரரசில் வோல்கா ஆற்றின் கீழ்ப்பகுதியில் மந்தை மேய்த்து வாழ்ந்த பௌத்த மக்கள்தான் கல்மிக்குகள். 'கல்மிக் மக்களிடையே பெரியம்மைத் தடுப்பில் அரசு அதிகாரிகளின் பங்கு' என்ற கேள்விக்கு முதல் உள்தேர்வில் பக்கம் பக்கமாக எழுதியும் எனக்குப் பாதி மார்க்கூட வரவில்லை. 1768இல் ரஷ்யப் பேரரசி இரண்டாம் கேத்தரின், டிம்ஸ்டேல் என்ற ஆங்கிலேய மருத்துவரை வரவழைத்துக் குத்திக்கொண்டதைத் தடுப்பூசி என்று எழுதிவிட்டேன். அது மனித அம்மைச் சீழையே ஏற்றும் பழைய முறை. ஜென்னரின் பசு அம்மை முறை 1796இல்தான் வந்தது, ரஷ்யாவுக்கு 1801இல். இதைக் குழப்பினால் மீதி விடை நிற்காது.

அதைவிடப் பெரிய பிழை, விடை முழுக்க மருத்துவரையே எழுதியது. அதிகாரி எதற்கு என்று எனக்குப் புரியவே இல்லை. எட்டாம் நாள் கணக்கைப் படித்த பிறகுதான் புரிந்தது. அன்று அம்மைப்பால், அதாவது பசு அம்மைக் கொப்புளத்து நீர், பெரும்பாலும் கைக்குக் கை போனது. ஒரு பிள்ளைக்குக் குத்தினால் எட்டாம் நாள் வாக்கில் கொப்புளம் முற்றும். அதைக் கீறி, வரும் தெளிந்த நீரை ஊசி முனையில் எடுத்து அடுத்த பிள்ளையின் கையில் குத்துவார்கள். ஆக, குத்தியவர் ஒரு வாரம் கழித்து அதே பிள்ளையைப் பார்த்தாக வேண்டும். கீழ் வோல்காப் புல்வெளியில் மந்தை ஓட்டித் திரிந்த கல்மிக் குடும்பமோ அதற்குள் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு அடுத்த மேய்ச்சலுக்குப் போயிருக்கும். சங்கிலி அங்கேயே அறுந்துவிடும்.

அவர்களை நிறுத்திவைக்க மருத்துவருக்கு ஏது அதிகாரம்? 1771இல் தங்கள் அரசரான உபாஷி கானோடு பெரும்பகுதி மக்கள் ஜுங்காரியாவுக்கு (இன்றைய வடமேற்குச் சீனப் பகுதி) கிளம்பியதும் கல்மிக்குகளின் கானரசு ஒழிக்கப்பட்டது. மிஞ்சியவர்கள் அஸ்த்ரகான் நிர்வாகத்தின்கீழ் வந்தார்கள். மேலே 'பிரிஸ்தாவ்' என்ற ரஷ்ய அதிகாரி. கீழே 'உலுஸ்' பிரிவுகளை ஆண்ட நொயோன்கள் என்ற பிரபுக்கள், அவர்களுக்கும் கீழே ஸைசாங்குகள் என்ற சிறு தலைவர்கள். எந்த உத்தரவும் இந்தப் படிகளில் இறங்கித்தான் கூடாரத்தை அடையும். போதாததற்கு, நோய் என்றால் மக்கள் முதலில் தேடிப்போனது பௌத்தத் துறவிகளையும் 'எம்ச்சி' என்ற தங்கள் மருத்துவர்களையும்தான். இந்தப் படிநிலையை அரைத்தாளில் வரைந்து ஒட்டிவையுங்கள். எனக்கு மிகவும் உதவியது இதுதான்.

அதிகாரிகளின் அறிக்கைகளைப் படிக்கும்போது 'குத்தப்பட்டவர்கள்' என்ற எண்ணிக்கையை 'காப்பாற்றப்பட்டவர்கள்' என்று எழுதிவிடாதீர்கள். கொப்புளம் எழும்பியதா என்று எட்டாம் நாள் யாராவது போய்ப் பார்த்திருந்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. வாய்மொழித் தேர்வில் என்னிடம் துருவித் துருவிக் கேட்டதும் இதைத்தான்.