மூலை மடிப்பு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

கடையில் அரிசி மூட்டைகளுக்கு விலைச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்தேன். கைப்பேசி அடித்தது. பக்கத்து நகரமான ஈப்போவில் உள்ள ஒரு ஹோட்டலில் இருந்து! வரும் 21ஆம் தேதி, வியாழக்கிழமை, காலை பத்து மணிக்கு நேர்முகத் தேர்வு. அறைகளைப் பராமரிக்கும் வேலை, ஹவுஸ்கீப்பிங் என்கிறார்கள். மைகார்டு என்னும் அடையாள அட்டை, எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வுச் சான்றிதழ், பள்ளி விடுகைச் சான்றிதழ், இரண்டு படங்கள் கொண்டுவர வேண்டும். கறுப்பு நிறத்தில், விரல் தெரியாத காலணி போட்டிருக்க வேண்டும். "படுக்கை விரிக்கச் சொல்லிப் பார்ப்போம்" என்றும் அந்தப் பெண் மலாயில் சொன்னார்.

எல்லாவற்றுக்கும் "பாய்க், பாய்க்", சரி, சரி என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் வைத்த பிறகுதான் நெஞ்சில் ஒவ்வொன்றாக எழுந்தது. வேலை எத்தனை மணிக்குத் தொடங்கும்? இரவு வேலை உண்டா? முடிந்து எப்படி வீடு திரும்புவது? ஒன்றைக்கூடக் கேட்கவில்லை. என் வாய் ஏன் அப்படிக் கட்டிப்போயிற்று என்று மாலை வரை யோசித்தேன்.

அம்மா நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஆவணி பிறந்துவிடுகிறது, நல்லதுதான்" என்றார்.

12 ஆகஸ்ட், செவ்வாய்

காலணி வாங்கினேன். 29 ரிங்கிட். குதிகாலில் கடிக்கிறது. தேதி வருவதற்குள் பழகிவிட வேண்டும் என்று வீட்டுக்குள்ளேயே போட்டு நடக்கிறேன்.

13 ஆகஸ்ட், புதன்

பக்கத்து வீட்டு அக்கா ஈப்போவில் பதினொரு வருடம் ஹோட்டல் வேலை பார்த்தவர். முதுகு வலியால் நின்றுவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "உன் வீட்டு மெத்தையில் பழகிப் பயனில்லை, இங்கே வா" என்று தன் அறைக்கே கூட்டிப்போனார். ஒரு சாண் உயரமுள்ள ஸ்பிரிங் மெத்தை. பீரோவில் இருந்து வெள்ளை விரிப்பு ஒன்றை எடுத்தார்.

விரிப்பின் நடுவே இஸ்திரிக் கோடு ஒன்று ஓடுகிறது. அது மெத்தையின் நட்டநடுவில் விழ வேண்டும். விழுந்துவிட்டால் இரண்டு பக்கமும் தொங்கும் துணி சமமாக இருக்கும், அளந்து பார்க்க வேண்டியதில்லை. கால்மாட்டில் தொங்குவதை மெத்தைக்கு அடியில் செருக வேண்டும். அடுத்ததுதான் மூலை. மூலையிலிருந்து ஒரு முழம் தள்ளி, பக்கவாட்டில் தொங்கும் விளிம்பைப் பிடித்துத் தூக்கி மெத்தையின் மேல் போட்டால் அது முக்கோணமாக உட்காரும். கீழே எஞ்சித் தொங்கும் துண்டை உள்ளே செருகி, முக்கோணத்தை இறக்கி, அதையும் செருகிவிட வேண்டும். சாய்ந்த கோடு ஒன்று, கத்தியால் கீறியது போல, மூலையில் நிற்கும்.

அக்கா கையில் அது ஒரே வீச்சில் நடந்தது. நான் செய்தபோது மூலையில் கொழுக்கட்டை போலத் துணி புடைத்து நின்றது. பிரித்தேன், மறுபடி செய்தேன். மெத்தையைத் தூக்கும்போது முழங்காலை மடக்கு, முதுகை வளைக்காதே என்று அக்கா ஏழெட்டு முறை சொல்லியிருப்பார். "என்னிடம் யாரும் சொல்லவில்லை, நான் உன்னிடம் சொல்கிறேன்" என்றார் கடைசியில். அதன் பிறகு ஒருமுறைகூட நான் முதுகை வளைக்கவில்லை.

முதல் படுக்கைக்குப் பதினாறு நிமிடம். ஆறாவதற்கு ஒன்பது.

14 ஆகஸ்ட், வியாழன்

ஏன் இத்தனை அவசரம் என்று இன்று கேட்டேன். விருந்தினர் பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்வார், அடுத்தவர் மூன்று மணிக்குச் சாவி கேட்பார். அந்த மூன்று மணி நேரத்துக்குள் ஒருவர் படுத்த தடம் முழுவதும் மறைய வேண்டும். அக்காவுக்கு ஒரு நாளைக்குப் பதினான்கு அறைகள் வரை கொடுத்திருக்கிறார்கள். எட்டு மணி நேரத்தில் ஓய்வு நேரத்தைக் கழித்தால் ஏழு. ஓர் அறைக்கு அரை மணி நேரம்: கழிப்பறை, குப்பை, தூசி, படுக்கை, துவாலை, சோப்பு எல்லாம் சேர்த்து.

கதவை மூன்று முறை தட்டி, "ஹவுஸ்கீப்பிங்" என்று குரல் கொடுத்து, காத்திருந்து, மறுபடியும் தட்டித்தான் திறக்க வேண்டும். தம்பியை அறைக்குள் இருத்திப் பழகினேன். என் குரல் கதவைத் தாண்டவே இல்லையாம்.

இன்னும் சில, மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன். கூரையில் ஒட்டியிருக்கும் கிப்லாட் அம்பு அழுக்காகவோ பாதி உரிந்தோ இருந்தால் மேற்பார்வையாளரிடம் சொல்ல வேண்டும். நாமாகப் பிய்த்து வேறு திசையில் ஒட்டிவிடக் கூடாது, ஒருவர் தொழும் திசை அது. தொழுகை விரிப்பைச் சுத்தமான கையால் தொட வேண்டும். கட்டிலடியில் ஒரு ரிங்கிட் கிடந்தாலும் அறை எண்ணும் நேரமும் எழுதி ஒப்படைக்க வேண்டும். ஹோட்டல் அறைக்குள் டுரியான் பழம் ஏன் கூடாது என்பது எல்லாருக்கும் தெரியும், அதன் நாற்றம்தான். மங்குஸ்தீன் பழத்துக்கு ஏன் தடை என்பது எனக்கு இன்றுதான் தெரிந்தது. அதன் தோல் சாறு வெள்ளை விரிப்பில் பட்டால் போகவே போகாதாம்.

15 ஆகஸ்ட், வெள்ளி

ஆடி கடைசி வெள்ளி. மாரியம்மன் கோயிலில் கூழ் ஊற்றினார்கள். அம்மாவோடு வரிசையில் நின்றேன். வீடு திரும்பும் வழியில், தொலைபேசியில் வாயடைத்துப் போனதைப் பற்றி அம்மாவிடம் சொன்னேன். அம்மா கொஞ்ச தூரம் பேசாமல் நடந்தார்.

பிறகு சொன்னார். ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய, அதாவது பட்டையைக் கீறிப் பால் இறக்கிய காலத்தில், காலையில் பெரட்டுக்கு, ஆள் கணக்கெடுப்புக்கு நின்று, மரம் வெட்டி, பால் எடுத்து, இரண்டு வாளிகளையும் நிறுக்கும் கொட்டகைக்குக் கொண்டுபோவார்கள். நிறுத்த பிறகு, பாலில் ரப்பர் எவ்வளவு என்று பார்த்துக் கணக்கு எழுதுவார்கள். கூலி அந்தக் கணக்குப்படிதான். "சில நாள் வாளி கனக்கும். தோள் சொல்லும், இன்றைக்கு அதிகம் என்று. எழுதுவதைப் பார்த்தால் நேற்றைக்கு எழுதியதேதான் இருக்கும். ஒருநாள்கூட நான் ஏன் என்று கேட்டதில்லை, பிள்ளை. பத்தொன்பது வருடம்."

கணக்கு தவறாகத்தான் இருந்தது என்று அம்மா சொல்லவில்லை. கேட்கவில்லை என்பதைத்தான் சொன்னார். நான் அந்தக் கொட்டகையைப் பார்த்ததுகூட இல்லை. இப்போது அங்கே செம்பனை, எண்ணெய்ப் பனை, நிற்கிறது.

மூன்று கேள்விகளை எழுதி மைகார்டு உறைக்குள் வைத்துவிட்டேன். வேலை நேரம். அடிப்படைச் சம்பளம். கடைசி பஸ்.

16 ஆகஸ்ட், சனி

அக்கா கழிப்பறைத் துப்புரவைச் சொல்லிக்கொடுத்தார். கழிப்பறைக்கு ஒரு நிறத் துணி, கண்ணாடிக்கு வேறு நிறம், கலக்கவே கூடாது. மருந்துகளையும் அப்படித்தான். குளோரக்ஸ் போன்ற வெளுப்பான்களை ஆசிட் கலந்த கழிப்பறைத் திரவத்தோடு சேர்த்தால் குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து.

சுவரோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "அமோனியாவோடும் சேர்க்கக் கூடாது" என்றார். அக்கா வியந்து திரும்பிப் பார்த்தார். பால் கெட்டியாகாமல் இருக்க அமோனியா, உறைய வைக்கப் பார்மிக் ஆசிட். இரண்டையும் வருடக் கணக்கில் கையாண்டவர் அம்மா. ஆசிட்டை எப்போதும் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் ஊற்றக் கூடாது என்று எனக்கு முதலில் சொன்னவரும் அவர்தான். அப்போது எனக்கு ஏழெட்டு வயது இருக்கும். பள்ளியில் வேதியியல் ஆசிரியர் அதைச் சொன்னபோது வகுப்பில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

இன்று சம்பளப் பேச்சு. அக்கா இதில் மிகவும் கண்டிப்பு.

குறைந்தபட்சச் சம்பளம் இப்போது 1,700 ரிங்கிட். பிப்ரவரி 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஐந்து பேருக்கும் குறைவாக வேலை செய்யும் இடங்களுக்குத்தான் ஆகஸ்ட் 1 வரை அவகாசம் கொடுத்தார்கள். எங்கள் கடையில் நான்கு பேர், ஆகவே எனக்கு இந்த மாதத்தில் இருந்துதான் அந்தச் சம்பளம். ஹோட்டலில் அதற்கு மேல் ஒன்று உண்டு. பல ஹோட்டல்களில் விருந்தினரின் பில்லில் பத்து விழுக்காடு சேவைக் கட்டணம் சேர்ப்பார்கள். அது புள்ளிக் கணக்கில் பணியாளர்களுக்குப் பிரிக்கப்படும். ஆள் நிறைந்த மாதத்தில் புள்ளியின் மதிப்பு கூடும், மழைக்காலத்தில் குறையும்.

அக்கா முன்பு இருந்த ஓர் இடத்தில் அந்தப் பணத்தையும் சேர்த்துக் காட்டித்தான் குறைந்தபட்சச் சம்பளம் என்றார்களாம். அது செல்லாது என்று 2021இல் நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றமே தீர்ப்பளித்துவிட்டது. சேவைக் கட்டணம் பணியாளருக்கு உரியது, அதை வைத்துக் குறைந்தபட்சச் சம்பளத்தை நிரப்ப முடியாது. வழக்கை நடத்தியது ஹோட்டல் தொழிலாளர் சங்கம். அதனால் "சம்பளம் எவ்வளவு" என்று பொதுவாகக் கேட்காதே, "அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, சேவைப் புள்ளி எத்தனை" என்று பிரித்துக் கேள் என்றார். வாரத்துக்கு 45 மணி நேரம்தான், 2023க்கு முன்பு 48ஆக இருந்தது என்பதையும் எழுதிக்கொள்ளச் சொன்னார்.

என் இரண்டாம் கேள்வியை அடித்துவிட்டு, அவர் சொன்னபடி திருத்தி எழுதினேன்.

18 ஆகஸ்ட், திங்கள்

படுக்கை ஆறு நிமிடம். மூலை இப்போது படிகிறது. கடைசியில் முழங்கையால் ஒருமுறை தடவிவிட்டால் சுருக்கம் போய்விடும். தலையணை உறையின் திறந்த வாய் கதவைப் பார்க்கக் கூடாது. ஒற்றை முடி கிடந்தால் அத்தனையும் வீண்.

இரவில் ஆங்கிலம். துவாலை மாற்றவா, பிறகு வரட்டுமா என்பதெல்லாம் வந்துவிட்டது. நடைபாதையில் நிறுத்தி, "இங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது" என்று கேட்கிறவர்களுக்கு நீண்டு பேச வரவில்லை. ஈப்போ ரயில் நிலையம், குகைக் கோயில்கள் என்று எல்லாரும் சொல்வார்கள். நான் பத்து காஜாவுக்குப் பக்கத்தில் இருக்கும் கெல்லி கோட்டையைத் தேர்ந்தெடுத்தேன். ஸ்காட்லாந்துக்காரரான வில்லியம் கெல்லி ஸ்மித் 1915இல் கட்டத் தொடங்கினார். 1926இல் லிஸ்பனில் இறந்துபோனார், மாளிகை பாதியில் நின்றது. சுற்றுலாப் பயணிகளுக்கு இவ்வளவே போதும். ஆனால் எனக்குப் பிடித்த பகுதி வேறு. கட்டட வேலைக்கு வந்தவர்கள் நம் தமிழ் மக்கள். காய்ச்சல் பரவி ஆட்கள் மடிந்தபோது, மாரியம்மனுக்கு ஒரு கோயில் வேண்டும் என்று துரையிடம் போய்க் கேட்டார்கள் என்று சொல்வார்கள். அவரும் கட்டிக்கொடுத்தார். கோட்டைக்குக் கொஞ்ச தூரத்தில் அந்தக் கோயில் இன்றும் இருக்கிறது. சாமிச் சிலைகளுக்கு நடுவே கோட்டும் தொப்பியுமாக ஒரு வெள்ளைக்காரர் நிற்பார். அது அவர்தான் என்பார்கள்.

கூலியாட்கள் துரைக்கு முன்னால் போய் நின்று, ஒரு சொல்லை முதலில் எடுத்தது யாராக இருக்கும் என்று படுத்த பிறகும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

19 ஆகஸ்ட், செவ்வாய்

விடுப்பு எடுத்து ஒருமுறை போய்வந்தேன். பஸ் மேடான் கிட் நிலையத்தில் இறக்கிவிட்டது. அங்கிருந்து ஹோட்டலுக்கு நடை. வாசலில் நின்று பார்த்தேன், உள்ளே போகவில்லை.

20 ஆகஸ்ட், புதன்

சட்டைக்கு இஸ்திரி போட்டாயிற்று. காலணி கடிப்பதில்லை. தூக்கம் வரவில்லை.

21 ஆகஸ்ட், வியாழன்

ஒன்பது மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டேன். கூட்டிப்போனது விருந்தினர் வாசல் வழியாக அல்ல, பின்பக்கம் பணியாளர் வாசல் வழியாக. நீண்ட நடைபாதை, துவைத்த துணியின் சூடான மணம், தள்ளுவண்டிகள். அந்த மணம் எனக்கு உடனே பிடித்துவிட்டது.

முதலில் படுக்கை. மேற்பார்வையாளர் ஒரு மலாய் அம்மையார், கையில் கடிகாரம். விரிப்பை உதறியதும் நடுக்கோடு ஒரு விரல் அளவு இடப்பக்கம் தள்ளி விழுந்தது. அப்படியே விட்டுவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. விடவில்லை. முழுவதும் எடுத்து, மறுபடி உதறினேன். நேரம் போனது, ஏழு நிமிடம் ஆயிற்று. அம்மையார் குனிந்து மூலையின் கோட்டை விரலால் நீவிப் பார்த்தார். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். பக்கத்து வீட்டு அக்கா என்றேன்.

பிறகு அலுவலகத்தில் இரண்டு பேர். முன் அனுபவம் கேட்டார்கள். விருந்தினர் மோதிரத்தைக் காணவில்லை என்றால் என்ன செய்வாய் என்று கேட்டார்கள். கெல்லி கோட்டையை யாரும் கேட்கவில்லை. முடிவில், "உனக்கு ஏதாவது கேட்க வேண்டுமா" என்றார்கள், கோப்பை மூடிக்கொண்டே.

உறைக்குள் இருந்த தாளை எடுத்தேன். கை நடுங்கியது, ஆனால் எடுத்தேன். மூன்றையும் பார்த்துப் படித்தேன், மலாயில், ஒவ்வொன்றாக. அடிப்படைச் சம்பளமும் புள்ளியும் என்று பிரித்துக் கேட்டபோது அந்த அதிகாரி கோப்பை மறுபடியும் திறந்தார். அடிப்படை 1,700, புள்ளி தனி, மூன்று மாதத் தகுதிகாண் காலம் முடிந்த பிறகு. அதுவரை காலை வேலை மட்டும், எட்டு மணிக்கு. அதன் பின் மாலை வேலையும் வரும், இரவு பதினொரு மணி வரை. அந்த நேரத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் இல்லை என்றேன். பணியாளர் வேன் ஈப்போவுக்குள் மட்டும்தான் போகும், தூரத்தில் இருந்து வருகிறவர்களுக்கு விடுதியில் இடம் உண்டு, மாதச் சம்பளத்தில் அதற்குப் பிடிப்பார்கள் என்றார். எவ்வளவு என்றேன். அது தாளில் எழுதாத கேள்வி. நூறு ரிங்கிட் என்றார்.

ஒரு வாரத்தில் அழைப்பார்களாம்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். அக்காவும் வேலியோரம் வந்து நின்றார். வேலை கிடைக்குமா என்று அம்மா கேட்கவில்லை. "கேட்டாயா?" என்றார். கேட்டேன் என்றேன். முழுவதையும் சொன்னேன். கோப்பை மூடியது, திறந்தது, ஒவ்வொன்றுக்கும் அவர்கள் சொன்ன பதில். அம்மா தேநீரை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"நீ தாளை எடுத்ததிலிருந்து மறுபடியும் சொல்" என்றார்.