படிவம் சி-யில் கணவனுக்கு இடமில்லை

பிப்ரவரி 4, 2025, செவ்வாய்

திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளையில் பிள்ளைகளுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டுக் கிளம்பினேன். கல் அறுக்கும் இடத்திலிருந்து ஒருத்தி பின்னாலேயே வந்தாள். இருளர் பெண், 24 வயசு, இடுப்பில் கைப்பிள்ளை. "அக்கா, நாள் தள்ளிப்போச்சு. ரெண்டே போதும், கலைச்சிடணும்." கணக்குப் பார்த்தால் ஏழு வாரம். ரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.4தான் இருக்கிறது.

பிப்ரவரி 6, வியாழன்

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன் (பெயர் எழுதப் போவதில்லை). முதல் கேள்வி, "வீட்டுக்காரர் எங்க?" அடுத்தது, "கலைச்சா கூடவே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனும் பண்ணிக்கணும், சம்மதமா?" அவள் எழுந்து வெளியே போய்விட்டாள்.

பஸ்ஸில்தான் சொன்னாள். சூளையில் கூலி ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று ஜோடிக்குத்தான். இவள் படுத்தால் அவன் கணக்கும் பாதியாகும், வாங்கின அட்வான்ஸ் கழியாது. "ஆபரேஷன் வேணாம்னு இல்லக்கா. இப்ப வேணாம்."

1971 கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிறைந்தவளின் சம்மதம் மட்டும் போதும். அந்தச் சம்மதத்தை வாங்கும் படிவம் சி-யில் கணவன் கையெழுத்துக்குக் கோடே கிடையாது. கலைப்பதற்கு ஆபரேஷனை நிபந்தனையாக வைக்கவும் சட்டத்தில் இடமில்லை. இதெல்லாம் தெரிந்த நானே எத்தனை பேரை "வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்று திருப்பி அனுப்பியிருக்கிறேன்! வேலை சுலபமாக முடியும், பின்னால் சண்டை வராது, அதற்காகத்தான்.

பிப்ரவரி 7, வெள்ளி

வேறு இடம், வேறு டாக்டரம்மா. அவளிடம் மட்டும் பேசினார்கள். மாத்திரை. ஒன்பது வாரத்துக்குள் என்பதால் அதுவே போதுமாம்.

பிப்ரவரி 11, செவ்வாய்

உதிரப்போக்கு அடங்கிவிட்டது. அந்தரா என்கிற கருத்தடை ஊசி கேட்டாள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, தீட்டு முன்னே பின்னே வரும், நின்றும் போகலாம், பயப்படாதே என்றேன். டாக்டரம்மா பார்த்துச் சரி என்றதும் போட்டாயிற்று.

சூளையில் ஆண்களிடம் வாசக்டமி, அதாவது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன் பற்றிப் பேசினேன். சிரித்தார்கள். அவள் புருஷன் மட்டும் சிரிக்கவில்லை, பதிலும் சொல்லவில்லை. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுத் தம்பதிகளில் மனைவி ஆபரேஷன் செய்துகொண்டது 57.8 சதவீதம். கணவன் செய்துகொண்டது 0.1. எங்கள் மீட்டிங்கில் டார்கெட் கேட்பவர்களும் அந்த 0.1 பற்றி வாயே திறப்பதில்லை.

மே 13, செவ்வாய்

அக்னி வெயில். நான் போன் போடுமுன் அவளே வந்து நின்றாள். அடுத்த ஊசித் தேதி எப்படித் தெரிந்தது என்றேன். வாராவாரம் முதலாளி தரும் செலவுக்காசை எண்ணிக்கொண்டே வந்தாளாம், பதிமூன்று தடவை.

கூடவே அவள் நாத்தனார். "இவளுக்கும் அதே ஊசி போடுங்கக்கா."

"அவ வாயால சொல்லட்டும்," என்று உட்காரவைத்து, காப்பர் டி, மாத்திரை, ஊசி எல்லாவற்றையும் மேஜையில் எடுத்து வைத்தேன்.