அப்ரைசல் மாசத்துல கேட்ட காபி

ஓஎம்ஆர்ல ஒரு ஐடி கம்பெனில டீம் லீடா இருந்தப்ப நடந்தது இது, இப்ப நினைச்சாலும் கூச்சமா இருக்கு. டீம்ல புதுசா ஒரு பொண்ணு சேர்ந்தாங்க, படு ஷார்ப், நைட் ரிலீஸ்ல நாங்கல்லாம் தூங்கி வழியுறப்ப அவங்க மட்டும் லாக் ஃபைலை நோண்டிட்டு இருப்பாங்க, எனக்குப் பிடிச்சுப் போச்சு. ஒரு மார்ச் மாசம் தைரியத்தை வரவழைச்சுக்கிட்டு "வெளிய ஒரு காபி சாப்பிடலாமா"ன்னு சாட்ல கேட்டேன். "ஷ்யூர்"னு ஒரு ஸ்மைலியோட வந்துச்சு. அதை எத்தனை தடவை எடுத்துப் பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல.

கடையில அவங்க பேக்கை மடியிலயே வச்சுட்டு உக்காந்திருந்தாங்க, பக்கத்து சேர் காலியாத்தான் இருந்துச்சு. காபில ஆடை கட்டிடுச்சு. நான் ஊர், சினிமான்னு பேசிட்டே போறேன், எல்லாத்துக்கும் சிரிச்சாங்க. அவங்களா கேட்டது ஒண்ணே ஒண்ணுதான், "ரேட்டிங் எப்ப ஃப்ரீஸ் ஆகும்?"

அப்பவும் எனக்கு உறைக்கல பாருங்க. மறுநாள் எக்செல்ல அவங்க பேருக்கு நேரா அப்ரைசல் ரேட்டிங் போடப் போனப்பதான் கை நின்னுச்சு. அந்த "ஷ்யூர்" எனக்கா, இல்ல இந்தக் கட்டத்துக்கா?

ரெண்டு பேரும் மேஜர், இதுல என்ன தப்புன்னு ஃப்ரெண்ட் கேட்டான். நம்ம கைல அவங்க இன்க்ரிமென்ட் இருக்கே. வேலையிடத்துல பெண்களுக்கு நடக்குற பாலியல் தொல்லையைத் தடுக்க வந்த 2013 பாஷ் சட்டத்துலயே, வேலைல சலுகை உண்டுன்னு வாய்விட்டு சொல்றது மட்டுமில்ல, பாலியல் நோக்கத்தோட அதை ஜாடையா உணர்த்துறதும் சேர்த்திதான். பெரிய தலைங்களே தப்பல, மெக்டொனால்ட்ஸ் சிஇஓ ஈஸ்டர்புரூக் 2019ல, நெஸ்லே சிஇஓ ஃப்ரெக்ஸே 2025ல, ரெண்டு பேரும் கம்பெனி ஆளோட உறவு வச்சிருந்ததாலதான் வீட்டுக்குப் போனாங்க. நான் எந்த மூலை.

சரின்னு மேனேஜர்கிட்ட போய், இந்த ஒரு ரேட்டிங்கை நீங்களே போடுங்கன்னு சொன்னேன், பெரிய நியாயஸ்தன்னு நினைப்பு எனக்கு. அவர் "என்னப்பா, லவ்வா?"ன்னு சிரிச்சார். சாயங்காலத்துக்குள்ள ஃப்ளோர் பூரா தெரிஞ்சு போச்சு. என்னை யாரும் ஒரு வார்த்தை கேக்கல, சில பசங்க முதுகுல தட்டிக்கூட கொடுத்தானுங்க. அவங்களுக்கு நல்ல ரேட்டிங் வந்தப்ப மட்டும் பேன்ட்ரில "ம்ம், வராம என்ன"ன்னாங்க. அத்தனை நைட் முழிச்சது அந்த ஒரு "ம்ம்"ல போச்சு.

ஜூன்ல அவங்களே வேற ப்ராஜெக்ட் கேட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க. ஹேண்டோவர் டாகுமெண்ட் பக்காவா இருந்துச்சு. கூட வந்த மெயில் "டியர் சார்"னு ஆரம்பிச்சுது, அதுவரைக்கும் என்னை பேர் சொல்லித்தான் கூப்பிடுவாங்க.