செக்ரோலும் பச்சைப் பேனாவும்

மலையகத்தில் கணக்கப்பிள்ளை என்றால் பேரேடு எழுதுகிறவர் என்று யாரும் நினைக்கமாட்டார்கள். மலையில் நின்று ஆட்களை வேலை வாங்குகிறவர் அவர். மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்பவை தோட்டத்தின் பிரிவுகள். கணக்கு எழுதுவது ஆபீசில் இருக்கும் கிளாக்கர். ஹட்டன், பதுளைப் பக்கத்திலிருந்து கண்டிக்கோ கொழும்புக்கோ போய் ஒரு பெரிய கணக்காய்வு நிறுவனத்தில் பயிலுநராகச் சேரும் பிள்ளைகளுக்கு இந்தச் சொற்களெல்லாம் பிறந்ததிலிருந்தே தெரியும். ஆனால் சேர்ந்த புதிதில் அந்த அறிவுக்கு எந்த மதிப்பும் இல்லாதது போலத்தான் தோன்றும். வேலைத்தாள்கள் ஆங்கிலத்தில், மேற்பார்வையாளர் பேசுவது ஆங்கிலமும் சிங்களமும். உயர்தரத்தில் படித்த பரீட்சை மீதி, பெறுமானத் தேய்வு, அட்டுறு எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயரைப் பழக வேண்டும். ஒரு சிறிய கொப்பியில் இடப்பக்கம் தமிழும் வலப்பக்கம் ஆங்கிலமுமாக எழுதிக்கொண்டு வந்தால் ஆறு மாதத்தில் அந்தத் தடை விலகிவிடும்.

பட்டயக் கணக்காளர் நிறுவகத்தின் பயிற்சிக் காலம் மூன்று வருடம். முதல் வருடத்தில் பெரும்பாலும் உறுதிச்சீட்டு பார்ப்பது (பதிவை அதன் மூல ஆவணத்தோடு ஒப்பிடுவது), வங்கிக் கணக்கிணக்கக் கூற்று, சில்லறைக் காசு எண்ணுவது, கூட்டல் சரிபார்ப்பது. சலிப்பான வேலை என்று பலர் சொல்வார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பச்சைப் பேனாவால் போடும் ஒவ்வொரு சரி அடையாளமும் ஒரு வாக்குமூலம். தாளின் அடியில் அதன் பொருள் எழுதப்பட்டிருக்க வேண்டும்: இந்த அடையாளம் விலைச்சீட்டோடு ஒப்பிட்டது, இது கூட்டிப் பார்த்தது, இது பேரேட்டோடு இணங்கியது என்று. யார் தயாரித்தது, எந்தத் திகதி, எந்தப் புத்தகத்திலிருந்து எடுத்தது, என்ன முடிவு என்பதும் இருக்க வேண்டும். போன வருடத்துத் தாளைத் திறந்து எண்களை மட்டும் மாற்றி அதே முடிவை எழுதுவதுதான் பயிலுநர்கள் செய்யும் பெரிய பிழை. நேரம் மிச்சமாகும், ஆனால் போன வருடம் விடுபட்டது இந்த வருடமும் விடுபடும்.

தோட்டத்தில் இதை நன்றாகக் காட்டுவது செக்ரோல், அதாவது தொழிலாளியின் வேலை நாளும் சம்பளமும் ஏறும் பதிவேடு. சம்பளச் சோதனைக்கு ஒரு மாதத்தை எடுத்து, எல்லாப் பிரிவுகளிலிருந்தும் சேர்த்து ஓர் இருபது பெயரைத் தெரிவுசெய்வது வழக்கம். வேலை நாளைச் சம்பளத்தால் பெருக்கிப் பார்த்து நிற்பது பாதி வேலைதான். பெரட்டுப் புத்தகத்தில் (காலையில் வேலைக்கு வந்தவர்களின் பதிவு) அன்றைக்கு அந்தப் பெயர் இருக்கிறதா, முழுப் பேரா அரைப் பேரா (முழு நாளா அரை நாளா), கொழுந்து நிறுத்த கொப்பியில் மூன்று நிறுவையும் சேர்த்து எத்தனை கிலோ, செக்ரோலில் ஏறியது எத்தனை கிலோ என்று பார்க்க வேண்டும். பிறகு கழிவுகள்: சேமலாப நிதி, சங்கச் சந்தா, தீபாவளி முற்பணத்தின் தவணை, தேயிலைத்தூள். முற்பணத் தவணை கடைசி மாதத்துக்குப் பிறகும் ஒரு முறை வெட்டப்பட்டிருக்கலாம். முற்பணப் பதிவேட்டின் மீதியைப் பார்க்காமல் அது அகப்படாது.

இருபது பேரைப் பார்த்து முடித்ததும் ஒரே ஒரு நாளை எடுத்து, அந்த நாளின் மொத்தக் கொழுந்தை ஸ்டோரின் கொழுந்துப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். (தோட்டத்தில் ஸ்டோர் என்பது தேயிலைத் தொழிற்சாலை.) மலையில் 4,210 கிலோ, ஸ்டோரில் 4,030 கிலோ என்றால் வித்தியாசம் 180 கிலோ, நூற்றுக்கு 4.3. தண்ணீர், சாக்கின் எடை, லொறியில் வரும்போது வாடுவது என்று காரணம் உண்டு. அதே கணக்கை முப்பது நாளுக்கும் போட்டுப் பார்த்தால்தான் விஷயம் தெரியும். மழை நாளில் கூடியும் வெயில் நாளில் குறைந்தும் வந்தால் அது தராசு சொன்ன எண். மழையோ வெயிலோ தினமும் சரியாக 5 சதவீதம் என்றால், யாரோ மேசையில் இருந்து எழுதிய எண். அந்த 5 சதவீதம் யாருடைய கூடையிலிருந்து போனது என்று கேட்க வேண்டியது கணக்காய்வாளரின் கடமை.

அடுத்தது கொழுந்துக்கும் தூளுக்கும் உள்ள விகிதம். ஏறக்குறைய 21 அல்லது 22 சதவீதம் என்பது நடைமுறையில் எல்லோரும் மனதில் வைத்திருக்கும் அளவு: 10,000 கிலோ கொழுந்துக்கு 2,150 கிலோ தூள். ஜூன், ஜூலையில் மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழையில் நனைந்த கொழுந்து வரும். விகிதம் இறங்க வேண்டும். அந்த மாதத்தில் அது 24க்கு ஏறியிருந்தால் நில்லுங்கள். கொழுந்தின் எடை குறைத்து எழுதப்பட்டிருக்கலாம், அல்லது முந்தின மாதத்துத் தூள் இந்த மாதத்தில் காட்டப்பட்டிருக்கலாம். 18க்கு இறங்கியிருந்தால் தூள் எங்கே என்று கேட்க வேண்டும். ஸ்டோரில் தூள் தயாரிப்பைப் பார்க்கும் டீமேக்கரிடம் தமிழிலேயே கேட்கலாம். மலையகப் பயிலுநரின் பலம் தெரிவது இங்கேதான். மொழிபெயர்ப்பவர் நடுவில் இருந்தால் கேள்வியும் குறுகும், பதிலும் குறுகும்.

மார்ச் 31 இருப்பு எண்ணும் வேலை சாயங்காலம் தொடங்கும். கட்டிய மூட்டைகள் சுலபம். இன்வொய்ஸ் இலக்கம், மூட்டைகளின் எண்ணிக்கை, நிகர எடை, இரண்டொரு மூட்டையைத் தராசில் ஏற்றிப் பார்ப்பது. கஷ்டம் மற்றவற்றில்தான். சலித்துப் பெட்டிகளில் கொட்டியிருக்கும் தூள் தரம் தரமாக நிறுக்கப்பட வேண்டும். கழிவுத் தேயிலை தனியாக எழுதப்பட வேண்டும். நல்ல தூளோடு சேர்ந்தால் பெறுமதி வீங்கும். அன்று பறித்த கொழுந்து வாட்டும் தட்டில் கிடக்கும். அது தூளாவது ஏப்ரல் 1ஆம் திகதி. ஆகவே அந்தக் கொழுந்தின் கூலி மார்ச்சிலும் தூள் ஏப்ரலிலும் விழும். இரண்டையும் ஒரே பக்கத்தில் நிறுத்த வேண்டும். கொழும்பில் தரகரின் களஞ்சியத்தில் ஏலத்துக்குக் காத்திருக்கும் தேயிலையும் கம்பனியின் இருப்புதான். அதற்குத் தரகரிடமிருந்து உறுதிக் கடிதம் வேண்டும். பெறுமதி சரியா என்பதை ஏப்ரல் ஏலங்களின் விற்பனைக் கூற்றே காட்டிவிடும்.

படிப்பு இவ்வளவுக்கும் நடுவில்தான். கம்பனிச் சட்டப்படி கணக்குகள் ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும் என்பதால், மார்ச் 31 கணக்குக் கம்பனிகளுக்கு ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை நெருக்கடி. இரவில் படிக்கலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் தோற்றுப்போவார்கள். எட்டு மணிக்கு வேலை முடித்த மூளைக்குள் கணக்கீட்டு நியமங்கள் ஏறாது. காலை ஐந்திலிருந்து ஏழு வரை இரண்டு மணித்தியாலம், ஞாயிற்றுக்கிழமை ஒரு கடந்தகால வினாத்தாள் கடிகாரத்தை வைத்து. மூன்று மணித்தியாலம், 100 புள்ளி என்றால் ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். 20 புள்ளி வினாவை 36 நிமிடத்தில் விட்டு எழும்பப் பழக வேண்டும்.

அதைவிடப் பெரிய உதவி, அன்றைய வேலைக்குரிய நியமத்தை அன்றே வாசிப்பது. தேயிலைச் செடி பலன் தரும் தாவரம். 2016 முதல் அது நிலையான சொத்துகளோடு சேர்ந்துவிட்டது. பல கம்பனிகள் அதற்கு 33⅓ வருட ஆயுள் வைத்துப் பெறுமானத் தேய்வு போடுகின்றன. ஆனால் 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் கைமாறியபோது பெரும்பாலான குத்தகைகள் 53 வருடத்துக்கே எழுதப்பட்டன, 2045இல் முடியும். 2020இல் நட்ட செடிக்கு எத்தனை வருடம் எடுப்பது? இந்தக் கேள்வியைத் தோட்டத்தில் நின்று ஒரு முறை கேட்டவருக்குப் பரீட்சையில் மறக்காது.

கடைசியாக, மிகக் குறைவாக மதிக்கப்படும் வேலை: பெயர் பார்ப்பது. சேமலாப நிதிக்குத் தொழிலாளியிடமிருந்து 8, கம்பனியிலிருந்து 12 சதவீதம். ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கம்பனியிலிருந்து 3. மாதச் சம்பளம் 25,000 ரூபா என்றால் சேமலாப நிதிக்கு 5,000, நம்பிக்கை நிதிக்கு 750. மொத்தச் சம்பளத்தை 20 சதவீதத்தால் பெருக்கினால் அனுப்பிய காசோலை இணங்கும். சரி போட்டு நகரலாம். அங்கேதான் நகரக் கூடாது. செக்ரோலில் லெட்சுமி, அடையாள அட்டையில் இலட்சுமி, நிதிப் படிவத்தில் வேறொரு தகப்பன் பெயர். மொத்தத்தில் ஒரு சதமும் பிசகாது. அறுபது வயதுக்குக் கிட்ட அந்த அம்மா பணத்தை எடுக்கப் போகும்போதுதான் பிசகும்: கிராம சேவகர் கடிதம், சத்தியக் கடதாசி, திரும்பத் திரும்பப் பஸ்.

பணிக்கொடையும் இப்படித்தான். 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி நாட்கூலித் தொழிலாளிக்கு ஒவ்வொரு பூர்த்தியான வருடத்துக்கும் 14 நாள் சம்பளம். நாள் சம்பளம் 1,000 ரூபா என்று வைத்தால் 30 வருடத்துக்கு 4,20,000. சேர்ந்த திகதி இரண்டு வருடம் பிந்தி எழுதப்பட்டிருந்தால் 28,000 ரூபா குறையும். பணிக்கொடைப் பொறுப்பைக் கணித்துச் சொல்லும் காப்புறுதிக் கணிப்பாளருக்கு அனுப்பும் பட்டியலில் பிறந்த திகதி, சேர்ந்த திகதி இரண்டையும் சோதிக்கும் வேலை பயிலுநரிடம்தான் வரும். கணினியில் தட்டிய பட்டியலை இன்னொரு கணினிப் பட்டியலோடு ஒப்பிடாதீர்கள்; இரண்டும் ஒரே ஊற்றிலிருந்து வந்தவை. கிளாக்கரின் அலுமாரியில் இருக்கும் பழைய பெயர்ப் பதிவேட்டை வாங்கி, அதில் முதல் முறை பெயர் ஏறிய பக்கத்தைப் பாருங்கள். "ஐயா, இந்தப் பெயர் மூன்று இடத்தில் மூன்று மாதிரி இருக்கு, படிவம் நிரப்பித் திருத்திடலாமா?" என்று கிளாக்கரிடம் அங்கேயே கேளுங்கள். பிறகு இலக்கம், பிரிவு, மூன்று எழுத்து வடிவம் எல்லாவற்றையும் ஒரு வரியில் எழுதி முகாமைக் கடிதத்துக்கான (கண்ட குறைகளைக் கம்பனிக்கு எழுதும் கடிதம்) குறிப்பில் சேர்த்துவிட்டு அடுத்த பெயருக்குப் போங்கள்.